மலைக்குருவியின் பாட்டு

ஒன்பது வருஷமாக அவள் அளந்தது இரண்டே ஜாதிக் குருவிகளை. காட்டில் இருப்பது ஒன்று, மலையில் இருப்பது ஒன்று. அருங்காட்சியக இழுப்பறையில், அந்துருண்டை நாற்றத்தில், பாடம் பண்ணி மல்லாத்தி வைத்திருந்தார்கள். பெற்ற தாயே மாற்றித் தூக்கிப் போய்விடுவாள், அப்படி ஓர் ஒற்றுமை. மலைக்குருவிக்கு மட்டும் இறக்கை இரண்டு மில்லிமீட்டர் நீளம். "இது வேற இனம்" என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள்.

இனம் பிரிக்க இறக்கை போதாதாம், பாட்டும் வேண்டுமாம். அவள் புருஷன், பறவையியல் பேராசிரியர், மலைக்குப் போய்ப் பதிவு செய்துகொண்டு வந்தார். போட்டுக் கேட்டால் காட்டுக்குருவியின் பாட்டேதான், இம்மி பிசகவில்லை. "பாத்தியா, ரெண்டும் ஒண்ணுதான். நாம சேர்ந்தே கட்டுரை எழுதிடலாம்" என்றார். காதால் கேட்டதை எப்படி மறுப்பது? ஒன்பது வருஷ வாதத்தை விழுங்கிவிட்டு, அளவுப் பட்டியலையெல்லாம் தூக்கிக் கொடுத்தாள், பைத்தியக்காரி.

கட்டுரை ஆய்வுப் பத்திரிகைக்குப் போய் ஒரு வாரம் கழித்துத்தான் அந்தப் பதிவை ஹெட்போன் மாட்டிக் கேட்டாள். நடுவில் யாரோ தும்முகிறார்கள். யாரோ என்ன யாரோ, அவளேதான்! முன்பு காட்டுக்குருவியின் பாட்டை அவர் பதிவு செய்தபோது பக்கத்தில் நின்று தும்மியது அவள். மலைப் பக்கம் அவள் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

மலைக்குருவியை வரவழைக்க மனுஷன் அந்தக் காட்டுப் பதிவை ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார். குருவி வந்து உட்கார்ந்ததே தவிர வாயைத் திறக்கவில்லை. ஸ்பீக்கர் பாடியதையே மறுபடி பதிவு செய்துகொண்டு இறங்கிவிட்டார்.

"இது என் தும்மலுங்க. கட்டுரையத் திரும்ப வாங்குங்க."

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "அடுத்த மாசம் எனக்குத் துறைத்தலைவர் நேர்காணல். ஒரு தும்மலுக்காக என் மானத்த வாங்குவியா? யாரு உக்காந்து கேக்கப் போறா?" என்றார்.

நம் பேரும் சேர்ந்து நாறினால் நாறட்டும் என்று, நடந்ததையெல்லாம் அன்றே பத்திரிகைக்கு எழுதிப் போட்டாள்.

இரண்டு நாளில் பதில் வந்தது. திரும்பப் பெறும் உரிமை கட்டுரை எழுதியவருக்கு மட்டுமே உண்டாம். எழுதியவர் ஒருவர்தானாம். அவளுடைய கடிதத்தை அவருக்கே அனுப்பி வைத்துவிட்டார்களாம். கூடவே அச்சுப்படியும் இருந்தது. அவள் தன் பெயரைத் தேடித் தேடிக் கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். அங்கேயும் பெயர் இல்லை. ஒரு வரி மட்டும் இருந்தது: "குருவிகளைத் தூசி தட்டி எடுத்துக் கொடுத்த என் மனைவிக்கு நன்றி."