காப்பு அவிழ்த்த நாள்

ஐயர் காப்பை அவிழ்த்துத் தட்டில் போட்ட கையோடு அருளம்பலத்தைக் காணவில்லை. கோணேஸ்வரி விபூதி வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் புருசன் மாயமாகிவிட்டான்.

வருடா வருடம் இதே கூத்துத்தான். அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால் சாராய வாடைகூடப் படாமல் சாமியார் மாதிரி இருப்பான். அவிழ்த்த அன்றைக்கு, இருந்த விரதத்துக்கெல்லாம் சேர்த்துக் குடிப்பான். போன வருடம், ஜப்பான்காரனின் குண்டுக்குப் பயந்து வெட்டிய பதுங்குகுழிக்குள், குண்டே விழாத ஒரு மத்தியானத்தில் குப்புறக் கிடந்தான். அவள்தான் இழுத்து வந்தாள்.

இந்த வருடம் அப்படியல்ல. தை பிறந்ததிலிருந்து, கையில் காப்பும் இல்லாமல், யாருடைய கட்டாயமும் இல்லாமல், தானாகவே குடியை விட்டிருந்தான். டொக்யாட்டில் கப்பலுக்குக் கரி ஏற்றிவிட்டு, கூட்டாளிகள் சாராயம் விற்கும் தவறணைப் பக்கம் திரும்ப, அவன் நேரே வீட்டுக்கு வந்தான். முதல் கிழமைகளில் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க ஏலாமல் அவன் கை நடுங்கியதையும், நித்திரை வராமல் முற்றத்தை அளந்ததையும் கண்டவள் அவள். அந்தப் பெருமையில் கிணற்றடியில் கொஞ்சம் கூடவே கதைத்துவிட்டாள். "காப்பு அவிழட்டும், பாப்பம்" என்று பக்கத்து வீட்டுப் புஷ்பவதி வாளியை இறக்கினாள்.

பெண்கள் தவறணை வாசலை மிதிப்பதில்லை. கோணேஸ்வரி மிதித்தாள். உள்ளே இருந்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். மூலையில் கிடந்த நீள மர வாங்கில் அவன் வழக்கமாகக் குந்தும் இடம் வெறுமையாக இருக்க, அதற்கு முன்னால் ஒரு கிளாஸ் மட்டும் நிறைந்திருந்தது.

"அது அருளம்பலத்தின்ர பங்கு, அக்கா. விரதம் முடிச்சு வருவான் எண்டு ஊத்தி வைச்சம். இன்னும் காணேல்லை" என்றான் கூட்டாளி ஒருவன்.

அதைத் தட்டிவிட வேண்டும்போலத்தான் முதலில் இருந்தது. பிறகு, நிறைந்தபடியே இருக்கட்டும், எல்லாரும் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

தவறணையில் இல்லையென்றால் எங்கே? துறைமுகப் பக்கம் தேடிப்போனாள். போர்க்கப்பல்களுக்கு இப்பால், எதிர்க்கரை முஸ்லிம் ஊரான கிண்ணியாவிலிருந்து விறகு கொண்டுவரும் மஹ்ரூபின் தோணி கட்டியிருந்தது. அதற்குள் குந்தியிருந்தான் அருளம்பலம்.

"கோயிலால ஓடி வந்து ஏறினவர், தங்கச்சி. தவறணை பூட்டுமட்டும் கரையில கால் வைக்கமாட்டாராம்" என்றார் மஹ்ரூப். "கிண்ணியாவில தவறணை இல்லத்தானே, கூட வாறன் எண்டு நிக்கிறார்."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கக் கூடாதோ?" என்றாள் கோணேஸ்வரி.

"நிண்டு கதைச்சா கால் அங்கால திரும்பியிடும்." அவன் வெறும் மணிக்கட்டைத் தடவினான். "மற்ற நாளில சமாளிப்பன். இண்டைக்கு என்னை நம்ப ஏலாது. அதான் ஓடி வந்தனான்."

"உங்கட பங்கை ஊத்தி வைச்சிருக்கினம்."

"தெரியும்." அவன் உதட்டை நனைத்துக்கொண்டதை அவள் கண்டாள். அவனும் மறைக்கவில்லை.

இத்தனை போர்க்கப்பல்கள் நிற்கிற துறைமுகத்தில் தன் புருசனைப் போல ஒரு வீரன் கிடையாது என்று அவளுக்குத் தோன்றியது. தனக்கே பயந்து தோணியில் ஒளித்திருக்கிற வீரன்! யாரும் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். அடுப்படியில் மீன்கறி மூடியபடி கிடந்தது. கிடக்கட்டும்.

"மஹ்ரூப் நானா, எனக்கும் இடம் இருக்கோ?" என்று கேட்டுக்கொண்டே சேலையைத் தூக்கிச் செருகி ஏறினாள்.

மஹ்ரூப் கயிற்றை அவிழ்த்தார். அருளம்பலம் தண்டு வலித்தான். காப்பின் மஞ்சள் நூல் விட்டுப்போன கறை, அவன் மணிக்கட்டோடு முன்னும் பின்னும் போய்வந்தது. தண்டு வலிக்கிறவன் விட்டு வந்த கரையைப் பார்த்துத்தான் குந்த வேண்டும். அங்கே, தென்னைகளுக்கு நடுவில் தவறணையின் கூரை தெரிந்தது. கோணேஸ்வரி எழுந்து வந்து, அதை மறைத்து அவனுக்கு நேரெதிரே இருந்தாள்.

அவன் தலையை ஒரு பக்கம் சரித்தான். அவளும் அந்தப் பக்கம் சரிந்தாள்.