நெரேயுவின் குடுக்கை

நெரேயு செத்துப்போய் மூன்று மழைக்காலம் கடந்தும் அவனுடைய சுரைக்குடுக்கை அடுப்படிச் சுவரில்தான் தொங்கியது. அதன் வாயில் தோல் கட்டி மெழுகுக் கயிறு கோத்திருந்தான். கயிற்றை உருவினால் ஆண் ஜாகுவார் உறுமும். கல்யாணமான புதிதில் அவன் உருவிக்காட்டியபோது தல்வினா பயந்துபோய் அவன் மடியில் விழுந்தாள். அப்புறம் பயமில்லாமலும் விழுந்தாள்.

குயபா ஆற்றங்கரையில் ஒரு பெண் ஜாகுவார் திரிகிறதாம், சுற்றுலாக்காரர் கண்ணில் மட்டும் படமாட்டேன் என்கிறதாம். அவர்களுக்குப் படகோட்டும் கொழுந்தன் வால்திர், அதை முதலில் வரவழைத்துப் பார்க்கக் குடுக்கையைக் கேட்டு வந்தான். தரமாட்டேன் என்றவள், அந்தச் சத்தத்தை இன்னொரு தரம் கேட்கும் ஆசையில் தானே குடுக்கையோடு படகேறினாள்.

வால்திர் கயிற்றை உருவினான். உறுமல் தண்ணீரில் பரவியது. குளிர்ந்த தெரெரே இலைச்சாற்றை உறிஞ்சிக்கொண்டு நெரேயு பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது அவளுக்கு. நெஞ்சு நிறைந்துவிட்டது.

புதரை விலக்கி ஜாகுவார் வந்தது. மணலில் புரண்டு வயிற்றைக் காட்டியது. பிறகு எழுந்து, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி கரையோடு ஆற்றின் மேல்பக்கம் நடந்தது.

"ஆம்பள கொரல் கேட்டதும் எப்படிக் கொழையுது பாருங்க அண்ணி."

தல்வினா அதன் மடியைப் பார்த்தாள். பால் கட்டியிருந்தது.

"வாய மூடுடா. புதருக்குள்ள குட்டி இருக்கு. வந்த ஆம்பள கொன்னு போட்டுருவான்னு, அவன மயக்கி வேற பக்கம் இழுத்துட்டுப் போவுது."

கூடிய கையோடு ஆண் தன் வழியே போய்விடும். குட்டிகளை இரண்டு வருஷம் தாய் ஒண்டியாகத்தான் கரையேற்ற வேண்டும். நெரேயு செத்துப்போன வருஷம் பண்ணை மேலாளன் வீட்டைக் காலி செய்யச் சொன்னான். திருவிழா நெருப்பைச் சுற்றி அவனோடு சிரித்துச் சிரித்து ஆடினாள் தல்வினா. பிள்ளைகளுக்குக் கூரை தங்கியது. ஊர் வாயில் அவள் பெயர் நாறியது. அந்த வாய்களில் வால்திருடையதும் ஒன்று. இப்போது அவன் தலை நிமிரவில்லை.

"சட்டுனு நிறுத்தினா, அவன் இங்கதான் பதுங்கியிருக்கான்னு நெனச்சுக் குட்டிகிட்ட போகாது. படக ஆத்தோட கீழ விடுடா, அவன் தூரப் போற மாதிரி கேக்கட்டும்."

குடுக்கையைத் தானே வாங்கி, படகு விலக விலக மெதுவாக உருவினாள். இன்னும் மெதுவாக. வளைவில் எழுந்த கடைசி உறுமல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. ஜாகுவார் நின்று காதைத் தீட்டியது. பிறகு திரும்பி ஓடிப் புதருக்குள் நுழைந்தது.

தல்வினா கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தாள். அவளுக்கு நெரேயு அன்றுதான் போய்ச் சேர்ந்தான்.