பதினேழாம் வம்சம்

பழ ஈக்களில் பெண்தான் முதலில் கூட்டை உடைத்து வெளிவரும். ஆண் சில மணி நேரம் பிந்தும். புனே ஆய்வுக்கூடத்தில் கிருஷ்ணப்ரியா தனித்தனிப் புட்டிகளில் வளர்த்த நாற்பது வம்சங்களில், பதினேழாவதில் மட்டும் இரண்டும் சேர்ந்தே வந்தன.

"அஞ்சு வருஷமா எண்ணுறே, கண்ணு அசந்திருக்கும்மா. பதினேழை விட்டுட்டு தீசிஸைக் கொடுத்துடு," என்றார் வழிகாட்டி கல்யாணசுந்தரம்.

விட்டுவிட்டால் இந்த மாதமே முடிந்துவிடும். ஆனால் ஐந்து வருடத்தில் அவள் கண்ட ஒரே புது விஷயம் அதுதான். தன் கண்ணை நம்பாமல், புட்டிகளின் எண்களைக் காகிதம் ஒட்டி மறைக்கும்படி கணவன் ஷ்யாமிடம் சொன்னாள்.

"ஊருக்கு வர டிக்கெட் போட்டாச்சான்னு அம்மா கேக்குறாங்க. ஈக்கு லீவே கிடையாதா?"

"அதைத்தான் கேக்கணும்."

நான்கு நாட்கள், மணிக்கொரு முறை, புதிதாக வெளிவந்த ஈக்களை மயக்கி, தூரிகையால் ஆண், பெண் என ஒதுக்கி எண்ணினாள். ஒரே ஒரு புட்டியில் மட்டும் நேர வித்தியாசம் இல்லை. காகிதத்தைக் கிழித்தாள். பதினேழு.

கல்யாணசுந்தரம் கணக்கை இரண்டு முறை பார்த்தார். "அப்ப இது பரம்பரையா வர்றதுதான். ஏன்னு கண்டுபிடிக்க இன்னும் ஒரு வருஷம் ஆகுமே."

"தெரியும் சார்." சிரிக்கத் தெம்பில்லை.

வெளியே வந்து ஷ்யாமுக்குப் போன் செய்தாள்.

"டிக்கெட் ஒண்ணு போதுங்க. நீங்க மட்டும் போயிட்டு வாங்க."