பதினோரு கல்யாணமும் ஒரு டிஸ்க்கும்

என் தங்கை ரிஃப்காவின் நிக்காஹ் வீடியோவைக் கேட்டு மூன்றாவது முறையாக ஸ்டூடியோவுக்குப் போனேன். உரிமையாளர் குணசேகரன் அண்ணன் என் முகத்தைப் பார்க்காமலே, "சர்வர் ஃபுல்லும்மா. எடிட் பண்ண எடமில்ல" என்றார். முதல் முறை மழையைக் காரணம் சொன்னார், இரண்டாவது முறை முகூர்த்தம், இப்போது சர்வர்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. எங்கள் அத்தா நெய்னா முகம்மது சவுதியில், தம்மாமில் லாரி ஓட்டுகிறார். லீவு கிடைக்காமல் சொந்த மகளின் கல்யாணத்தை வாட்ஸ்அப்பில் பார்த்தவர். அதிலும் மாப்பிள்ளை கபூல் என்று சம்மதம் சொல்லும் நேரம் பார்த்துப் படம் நின்றுவிட்டது. "வீடியோ வந்ததும் பாத்துக்கறேன்மா" என்று சமாதானம் சொல்லிக்கொண்டவர், அன்றிலிருந்து தினமும் ராத்திரி "வந்துடுச்சா?" என்று கேட்கிறார். எத்தனை நாளைக்குத்தான் இல்லை என்று சொல்வது?

"ஃபுல்லுன்னா பெருசாக்க வேண்டியதுதானே அண்ணே."

"மெட்ராஸ்லேருந்து ஆள் வரணும். ரெண்டு வாரம் ஆகும்னு சொல்றான்."

"நான் பண்றேன்."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "நீங்களாம்மா?"

ஒரு பொறியியல் கல்லூரியில் ஆறு சர்வர்களைக் கட்டி மேய்க்கிறேன் என்று சொன்னேன். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், பெருமைக்குத்தான் சொன்னேன். எங்கள் வீட்டிலேயே அது யாருக்கும் புரிந்ததில்லை. யாராவது கேட்டால் அத்தா, "பெரியவ கம்ப்யூட்டர்ல என்னமோ பண்ணுது" என்று முடித்துவிடுவார்.

"பண்ணட்டுமே" என்றார் அவர் மனைவி வானதி. நிக்காஹில் பெண்கள் பக்கம் படம் எடுத்தது அவர்தான். "நீங்க யூட்யூப் பாத்துட்டு நானே பண்றேன்னு நின்னீங்களே, அதுக்கு இது தேவலை."

உள்ளே போய்ப் பார்த்தேன். எட்டு டெராபைட் டிஸ்க். அமைத்துக் கொடுத்த புண்ணியவான் பாதிக்கு மட்டும் பார்ட்டிஷன் போட்டுவிட்டு மீதியைச் சும்மா விட்டிருந்தார். வீட்டில் பாதி அறைகளைப் பூட்டி வைத்துவிட்டு இடமில்லை என்று புலம்பியிருக்கிறார்கள்.

"பேக்கப் இருக்கா அண்ணே?"

"அதெல்லாம் பத்திரமா இருக்கு. எங்களுக்கும் தொழில் தெரியும்ல."

அந்தக் குத்தல்தான் என்னைக் கெடுத்தது. வழக்கமாக, நகலை என் கண்ணால் பார்க்காமல் எதையும் தொட மாட்டேன். அன்று இவருக்குக் காட்டிவிட வேண்டும் என்ற வேகத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

வேலை இதுதான். பார்ட்டிஷன் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று டிஸ்க்கின் தலைப்பில் ஒரு குறிப்பு இருக்கும். அதை அழித்துவிட்டு, அதே இடத்தில் தொடங்கி இன்னும் தள்ளி முடிவதாகப் புதிதாக எழுத வேண்டும். படங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் தொடக்க எண் ஒன்று பிசகினாலும் ஒரு கல்யாணமும் திறக்காது. எண் 2048. கைப்பையில் ரிஃப்காவின் கல்யாணப் பத்திரிகை ஒன்று மிச்சம் கிடந்தது, அதன் பின்பக்கம் பெரிதாக எழுதிக்கொண்டேன்.

கடைசியாக எந்த டிஸ்க் என்று உறுதி செய்ய, மாட்டியிருந்த டிஸ்க்குகளின் பட்டியலைப் போட்டேன். சர்வரின் சொந்த டிஸ்க்கும் இந்த எட்டு டெராபைட்டும் என இரண்டுதான் வந்தன. பேக்கப்போடு சேர்த்து மூன்று இருக்க வேண்டும்.

"பேக்கப் டிஸ்க் எங்க அண்ணே?"

சர்வரின் பின்னால் கை காட்டினார். அங்கே ஒரு கேபிள் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் முகம் மாறியது.

வானதி நெற்றியில் கை வைத்துக்கொண்டார். எழுந்து போய் பூஜை அலமாரியைத் திறந்து எடுத்து வந்தார். டிஸ்க்கில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து போயிருந்தன. மேலே ஒரு சாமந்திச் சரம் சருகாகக் கிடந்தது.

"ஆயுத பூஜைக்கு கேமரா, லென்ஸ், டிரோனு எல்லாத்தையும் வெச்சு கும்பிட்டோம். மறுநாள் மத்ததெல்லாம் எடுத்தாச்சு. இது மட்டும் சாமிகிட்டயே இருக்கட்டும், பத்திரமா இருக்கும்னு விட்டுட்டாரு."

கும்பிட்டதில் தப்பே இல்லை. சோறு போடுகிற சாமானை மதிக்கிறவரை எனக்குப் பிடிக்கும். ஆனால் கடைசி நகல் பூஜைக்கு முந்தின நாளோடு நின்றிருந்தது. அதற்குப் பிறகு எடுத்தது பதினோரு கல்யாணம், எங்கள் வீட்டுடையதையும் சேர்த்து. கேமரா கார்டுகளை அழித்து அடுத்த கல்யாணத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பதினொன்றும் இருந்தது இந்த ஒரே டிஸ்க்கில், அதில் நான் கை வைக்க இருந்தேன். அவர்மேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்ததுதான் அதிகம்.

"மொதல்ல நகல் எடுக்கணும். மூணு மணி நேரம் ஆகும்."

"நாலு மணிக்கு ரிசப்ஷன்மா. கார்டு காலி பண்ணணுமே."

"புது கார்டு வாங்கிக்குங்க. நகல் இல்லாம நான் தொட மாட்டேன். மெட்ராஸ் ஆளும் தொடக் கூடாது."

குணசேகரன் அண்ணன் கார்டு வாங்கப் போனார். வானதி ஈரத்துணியால் சந்தனத்தைப் பக்குவமாகத் துடைத்துக் கொடுத்தார். மாட்டினேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது. கரண்டு போனாலும் யுபிஎஸ் தாங்கும் என்று பார்த்துக்கொண்டேன்.

நகல் முடிந்ததும் பதினோரு கல்யாணத்திலிருந்தும் ஒவ்வொரு வீடியோவாக நகலிலிருந்தே திறந்து ஓட்டினேன். எல்லாம் ஓடின. எங்களுடையதில் ரிஃப்கா மருதாணிக் கையால் வாயை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கபூல் சொல்லும் இடத்துக்கு நான் போகவில்லை. அதை முதலில் அத்தா பார்க்கட்டும் என்று நிறுத்திவிட்டேன்.

பிறகு பார்ட்டிஷனை அழித்தேன். திரையில் அது இருந்த வரி காணாமல் போனது.

"எங்கம்மா போச்சு?" கார்டு வாங்கி வந்து ரிசப்ஷனுக்குக் கிளம்பி நின்ற குணசேகரன் அண்ணன் திரையை ஒட்டிக் குனிந்தார்.

"எங்கயும் போகல. பாருங்க."

பத்திரிகையைத் திருப்பி வைத்துக்கொண்டு 2048 என்று தட்டினேன். முடிவை டிஸ்க்கின் கடைசிக்குத் தள்ளினேன். பழைய அடையாளம் ஒன்று இருக்கிறது, நீக்கிவிடவா என்று கேட்டது. எதைக் கேட்டாலும் சரி என்று தட்டிப் பழகிய கை தோற்பது இந்த இடத்தில்தான். அந்த அடையாளம் போனால் உள்ளே இருக்கும் எதுவும் திறக்காது; வேண்டாம் என்று தட்டினேன். எழுதச் சொன்னேன். பழுது எதுவும் இல்லையென்று சோதித்து, உள்ளே இருப்பதைப் புது எல்லை வரை விரித்துவிட்டேன்.

நாலு டெராபைட் இருந்த இடத்தில் எட்டு. எல்லாக் கல்யாணமும் வைத்தது வைத்தபடி இருந்தது. அவர் ஒவ்வொரு பெயராக விரல் வைத்து எண்ணினார். பதினொன்று வந்ததும் செல்போனை எடுத்து, "மெட்ராஸ் ஆளு வேண்டாம். இங்க நம்ம சபிஹா மேடம் இருக்காங்க" என்று யாரிடமோ சொன்னார். நான் கேபிளைச் சுருட்டுவது போலக் குனிந்துகொண்டேன். முகத்தில் இருந்த சிரிப்பை மறைக்க வேறு வழி தெரியவில்லை.

மூன்றாம் நாள் வீடியோ தம்மாமுக்குப் போனது. அன்று ராத்திரி அத்தா கூப்பிட்டார்.

"பாத்துட்டேன்மா." என்றார். "கபூல் சொன்னத நாலு தடவ போட்டுப் பாத்தேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "ரிஃப்கா எல்லாம் சொன்னா. ஒரு நம்பராமே, அத வெச்சுத்தான் மொத்தத்தையும் மீட்டியாமே."

"மீட்கல அத்தா. அது அங்கயேதான் இருந்துச்சு, நான் எல்லையத்தான்..."

"ரூம்ல ஏழு பேர்கிட்டயும் சொல்லிட்டேன். எம்மக சர்வர பெருசாக்குறவ, உள்ள இருக்கறது ஒண்ணுகூட போகாதுன்னு. நம்பர் ரெண்டாயிரத்து நாப்பத்தெட்டு. சரியா?"

"சரிதான் அத்தா."

"அந்தப் பத்திரிகை பத்திரமா இருக்கா?"

"இருக்கு."

"ரெண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்பும்மா. முன்னாடி அவ பேரு, பின்னாடி ஒன்னோட நம்பரு. ரெண்டையும் செவுத்துல ஒட்டணும்."