மாப்பிள்ளைக் குதிரை நின்ற இடம்

பள்ளிவாசலிலிருந்து வந்த சந்தூக்கு குறுகிய ஒழுங்கைக்குள் நுழைய முடியாமல் முனையிலேயே நின்றுவிட்டது. உள்ளே ஜெய்னம்புவின் வாப்பா கபன் துணி சுற்றிக் கிடக்கிறார். அஸர் தொழுகைக்குள் அடக்கியாக வேண்டும். மய்யித்தைத் தூக்கிப் போகும் பெட்டி வாசலுக்கு வர வழியில்லை என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

"எல்லாம் இந்தச் சுவரால வந்த வினை!" என்று கத்தினான் அவளுக்கு மூத்தவன், நானா முஹ்ஸின். நாட்டில் யுத்தம் முடிந்த அடுத்த வருஷம் எதிர்வீட்டு ஹாசிம் உயர்த்திப் பூசிய சுவர் அது. அன்றிலிருந்து தெருவெல்லாம் ஒரே கதைதான்: ஹாசிம் ஒழுங்கையைத் தின்றுவிட்டான். ஜெய்னம்புவும் வாய் கூசாமல் அதைச் சொல்லித் திரிந்தவள்.

முஹ்ஸின் கனத்த இரும்பு அலவாங்கால் சுவரைக் குத்தினான். கல் உதிர்ந்தது. ஹாசிம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். "டேய், நான் ஒரு சாண்கூட வெளிய வரல்ல! பழைய சுவருக்கு மேலதான் கட்டின!"

"பொய் சொல்லாத!"

வீட்டுக்குள் அலீமா சாச்சிக்கு வேறு கவலை. "புள்ள, மய்யித்து ஈக்கிற வீட்டுல உருவப்படம் தொங்கினா வானத்து மலக்குமார் வரமாட்டாங்க. அதக் கழட்டி அலுமாரிக்குள்ள வை."

வாப்பா மாப்பிள்ளையாகக் குதிரைமேல் இருக்கும் கலியாண ஊர்வலப் படம். தூசியைத் துடைத்தபோது ஜெய்னம்புவின் கை நின்றது. இத்தனை காலமும் மாப்பிள்ளையைப் பார்த்தாளே தவிர, பின்னால் இருந்த தெருவை யார் பார்த்தார்கள்? ஹாசிம் வீட்டுச் சுவர் ஒழுங்கையின் பழைய இரும்பு விளக்குக் கம்பத்தை ஒட்டி நின்றது, இன்றைக்கு நிற்பது போலவே. இந்தப் பக்கம், தங்கள் வீட்டு முன்திண்ணையான விறாந்தையைக் காணோம். குதிரையும் மேளக்காரர்களும் நின்ற இடத்தில்தான் வாப்பா பிறகு விறாந்தை கட்டியிருக்கிறார். யா அல்லாஹ், ஒழுங்கையைத் தின்றது நாங்கள்தான்!

படத்தோடு பாய்ந்தாள். "நானா, அடிக்காத! பிழ நம்மட பக்கம்!"

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு, காதும் மட்டுதான். அலவாங்கு ஹாசிமின் நெற்றியில் இறங்கியது. அவர் மடங்கி விழுந்தார். ஒழுங்கை மண்ணில் இரத்தம் ஓடியது. முஹ்ஸின் மறுபடி ஓங்கினான். ஜெய்னம்பு படத்தை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். அலவாங்கு பட்டுப் படத்தின் கண்ணாடி அவள் கைக்குள்ளேயே சிதறியது.

"பாரு, பாவி! குதிர எங்க நிக்கிது? பாரு!"

அவன் பார்த்தான். அலவாங்கு கையிலிருந்து நழுவியது.

ஹாசிமை ஆஸ்பத்திரிக்கு த்ரீவீலில் ஏற்றினார்கள். அவர் கண் திறக்கவில்லை. ஜெய்னம்பு அதே அலவாங்கை எடுத்து, வெட்டுப்பட்ட கையோடு, தன் விறாந்தைச் சுவரை வெறிபிடித்தவளாகக் குத்தினாள். பிறகு ஆண்கள் வாங்கி உடைத்தார்கள். சந்தூக்கு தாராளமாக வாசலுக்கு வந்தது.

தூக்கும்போது சந்தூக்கின் முன்காலுக்குத் தோள் கொடுக்க மகனைத் தேடினார்கள். முனையில் நின்ற பொலிஸ் ஜீப்புக்குள்ளிருந்து முஹ்ஸின் கெஞ்சுவது கேட்டது. "சேர், ஒருக்கா உடுங்க! வாப்பாக்கு ஒரு தோள் குடுத்துட்டு வாறன்!"

அவர்கள் விடவில்லை. சந்தூக்கு எந்தச் சுவரிலும் உரசாமல் அவனைக் கடந்து போனது.