போர்டு பிடித்து நிற்பவர்கள்

பீரோவின் உள் லாக்கரில் பாஸ்போர்ட் இல்லை. அன்று வியாழக்கிழமை. ஞாயிறு காலை எனக்கு விமானம். விசா ஒட்டியிருப்பதே அந்தப் பாஸ்போர்ட்டில்தான். அது இல்லையென்றால் போலந்தும் இல்லை, அங்கே போய்ப் படிக்கப்போகிற ஐந்து மாத செமஸ்டரும் இல்லை.

என் சந்தேகம் நேராக அம்மா மேல் போனது. போன வாரம்தான் காட்டூர் மாமி வந்து, "சுராயா, புள்ளைய அனுப்புறதுக்கு முன்னாடி நம்ம பையனுக்கு ஒரு பேச்சாவது பேசி வச்சுக்குவோம்" என்று கல்யாணப் பேச்சை ஆரம்பித்தார். அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை டீ ஊற்றினாள்.

"எங்கம்மா ஒளிச்சு வச்ச?"

"அல்லா மேல சத்தியமா நான் எடுக்கலடி அஃபீ."

"நடிக்காதம்மா."

சொன்னதும் எனக்கே வாய் கசந்தது. அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் துணியை எல்லாம் இழுத்துப் போட்டு, குர்ஆன் வைத்திருக்கும் பலகை வரைக்கும் தேடினேன்.

மதியம் அத்தா கடையை அடைத்துவிட்டுச் சாப்பிட வந்தார். பெரிய கடைவீதியில் பிளாஸ்டிக் சாமான் கடை அவருக்கு. உலகத்தில் ஒருத்தரையும் நம்பாத மனிதர். பால் பாக்கெட்டை ஊசி ஓட்டை இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவார். என் பயண விஷயத்தில் கேட்கவே வேண்டாம். "ரூம் எதுக்கு சும்மா தர்றான்? சும்மா தர்றவன் வேற எதையோ எடுத்துக்குவான் பாரு." கல்லூரியிலிருந்து எங்களை அனுப்புகிற ரங்கநாயகி மேடத்தைப் பார்க்க ஸ்ரீரங்கத்துக்கே வண்டியை எடுத்துக்கொண்டு போனார். மேடம் காபி கொடுத்து, "கவலைப்படாதீங்கோ, வருஷா வருஷம் கொழந்தைகளை அனுப்பிண்டுதானே இருக்கோம்" என்று சொல்லியிருக்கிறார். இவர் கீழே இறங்கி வந்து, அந்த அம்மா எத்தனை வருஷமாக அங்கே குடியிருக்கிறார் என்று எதிர்வீட்டில் விசாரித்திருக்கிறார். கல்லூரியில் என் மானம் போனது.

அந்த வாரம் திங்கட்கிழமைதான் காசியாவிடமிருந்து மெயில் வந்திருந்தது. புதிதாக வருகிறவர்களுக்குத் துணையாகப் போலந்துப் பல்கலைக்கழகம் ஏற்பாடு செய்கிற மாணவி அவள். உன் பெயர் எழுதிய போர்டோடு விமான நிலையத்தில் நிற்பேன், பாஸ்போர்ட்டைக் கையிலேயே வைத்துக்கொள், நேராக ஆபீசுக்குப் போய்ப் பதிவுக்குக் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தாள். நான் சந்தோஷத்தில் அதை வரி வரியாகத் தமிழில் அத்தாவுக்குச் சொன்னேன். அவர் எழுந்து உள்ளே போனார்.

"அத்தா, பாஸ்போர்ட்டக் காணோம்."

ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். "நல்லா தேடிப் பாரு" என்றார். அவ்வளவுதான். யார் வீட்டுக்கு வந்தார்கள், கடைசியாக எப்போது பார்த்தாய், சாவி யாரிடம் இருந்தது, ஒன்றும் கேட்கவில்லை. பால்காரரையே போலீஸ் மாதிரி விசாரிக்கிற மனிதர்! எனக்குச் சுருக்கென்றது.

"குடுங்க அத்தா."

"எத?"

நான் கையை நீட்டியபடியே நின்றேன். அவர் கை கழுவிவிட்டு வந்து, சட்டைப் பொத்தானைக் கழற்றி, பனியனுக்குள்ளிருந்து பாலிதீன் பையில் சுற்றியதை எடுத்தார். பையெல்லாம் வியர்வை.

"சவுதிக்கு வேலைக்குப் போனப்ப, தம்மாம் ஏர்போர்ட்ல எனக்கும் ஒருத்தன் போர்டு புடிச்சுக்கிட்டுதாம்மா நின்னான். தாஜுதீன்னு என் பேரெல்லாம் சரியாத்தான் எழுதியிருந்தான். பதியணும், நாளைக்குத் தரேன்னு வாங்கிட்டுப் போனான்."

மீதிக் கதை எனக்குத் தெரியும். நான் பிறந்ததாகத் தந்தி மாதிரி ஒரு போன். ஊருக்குப் போகணும் என்று முதலாளியிடம் அழுதிருக்கிறார். பாஸ்போர்ட் கைக்கு வந்தபோது எனக்கு மூன்று வயது. வாசலில் நின்ற அவரைப் பார்த்து நான் அலறிக்கொண்டு அம்மா பின்னால் ஒளிந்தேனாம். இதை எங்கள் வீட்டில் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். அத்தா மட்டும் அப்போது எழுந்து வெளியே போய்விடுவார். அது ஏன் என்று ஒருநாளும் நான் யோசிக்கவில்லை.

"அது படிக்கிற எடம் அத்தா. யாரும் புடுங்கிக்க மாட்டாங்க."

"யார் கேட்டாலும் காட்டு. கையில குடுக்காத. போர்டு புடிக்க வர்ற அந்தப் பொண்ணு போன வருஷம் கூட்டிட்டுப் போன புள்ளைங்க யாருன்னு கேளு. கேக்குறதுல என்ன வெக்கம்?"

சரி என்றேன், அந்த நேரத்துக்கு. அவர் பையை உடனே விடவில்லை. நான் மெதுவாகத்தான் இழுத்தேன். அடுப்படி வாசலில் நின்ற அம்மாவை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. போய்க் காலைப் பிடித்தேன். "போடி, சாப்பாடு ஆறுது" என்றாள்.

ஞாயிறு காலை திருச்சி ஏர்போர்ட்டில் அத்தாவையும் அம்மாவையும் வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். வரிசையில் நின்று திரும்பிப் பார்த்தேன். கண்ணாடியில் நெற்றியை ஒட்டவைத்துக்கொண்டு அத்தா நின்றார். கவுன்டரில் இருந்த பெண் கையை நீட்டினாள்.

"பாஸ்போர்ட்?"

கொடுத்தேன். அவள் அதை எடுத்துக்கொண்டு எழுந்து பின்பக்கமாகப் போனாள்.

"மேடம்... திருப்பித் தந்துடுவீங்கல்ல?"

கேட்டது நான்தான். வரிசையில் யாரோ சிரித்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அத்தாவின் இரண்டு கைகளும் கண்ணாடியில் விரிந்திருந்தன. நகல் எடுத்துக்கொண்டு அவள் திரும்பி வந்து நீட்டியதும், பாஸ்போர்ட்டைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன். உள்ளே வை, உள்ளே வை என்று அவர் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினார்.