பதினொரு விநாடிச் சம்மதம்

ஹேமநாதனுக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. அவன் வடிவமைத்த சம்மதப் படிவம், ஆவடிப் பக்கத்துக் கண் மருத்துவமனை ஒன்றில் இன்றுதான் நோயாளிகள் கைக்குப் போயிருக்கிறது. வேலப்பன்சாவடி நெரிசலில் மாட்டி அவன் வந்து சேரவே பத்தரை.

டேப்லெட் திரையில் ஆறு பக்கம். ஒவ்வொன்றின் அடியிலும் கொழுத்த பச்சைப் பொத்தான்: ‘சம்மதிக்கிறேன்’. ‘சம்மதமில்லை’யும் உண்டு, சாம்பல் நிறத்தில், எறும்பு படிக்கும் அளவில். பயனரைக் குழப்பாமல் கைபிடித்து அழைத்துப் போகும் தத்துவம் என்று அதற்கு நாற்பது ஸ்லைடு போட்டிருந்தான்.

“ஆளுக்குப் பதினொரு செகண்ட் சார்!” நிர்வாகி லோகநாதன் பூரித்தார். “பேப்பர்ல கால் மணி நேரம் இழுக்கும்.”

கண் ஆபரேஷனுக்கு வந்திருந்த அண்ணனூர் அஞ்சலையிடம் நர்ஸ் ஜெபா டேப்பை நீட்டினாள். அஞ்சலை கட்டைவிரலை முந்தானையில் துடைத்து, பச்சைமேல் வைத்து அழுத்தினாள். ‘டிங்’. மறுபடி அழுத்தினாள். ஆறு டிங், ஒன்பது விநாடி. லோகநாதன் கை தட்டினார்.

ஹேமநாதன் அஞ்சலை பக்கம் குனிந்தான். “என்ன போட்டிருந்துச்சுன்னு பாத்தீங்களாம்மா?”

“இன்னாத்த பாக்கறது நைனா? ரேஷன் கட மெஷினு மாதிரிதானே? சத்தம் வர்ற வரிக்கும் அமுக்கணும்.”

“நாலாவது பக்கத்துல, பயிற்சி டாக்டர் ஆபரேஷன் பண்ணலாம்னு…”

“கத்துக்க வந்தவனா? எனக்குக் கீறதே ஒத்தக் கண்ணு. இன்னொண்ணு சின்ன வயசுலியே பூட்ச்சு. ரெண்டு கண்ணு கீறவங்களாப் பாத்துப் புடி!”

ஹேமநாதன் டேப்பைப் பிடுங்கிப் பின்னால் போகும் பொத்தானைத் தேடினான். இல்லை. திரும்பும் வழி தயக்கத்தை உண்டாக்கும் என்று அதை நீக்கியவனே அவன்தான்.

“அஞ்சலை, தியேட்டருக்கு வாங்க,” என்றாள் ஜெபா. “சிஸ்டத்துல சம்மதம்னு காட்டுதேம்மா.”

“அப்ப சிஸ்டத்தப் படுக்க வெச்சு அறு!” அஞ்சலை நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

லோகநாதன் காதருகே வந்தார். “நாளைக்கு மீதி அஞ்சு கிளைக்கும் போகணும் சார். மொத நாளே ஒரு ‘இல்ல’ வந்தா சேர்மன்கிட்ட என்ன சொல்றது? அம்மாகிட்ட பக்குவமா பேசுங்க.”

பக்குவமாகப் பேச ஹேமநாதன் வாயைக்கூடத் திறந்துவிட்டான். அஞ்சலையின் ஒற்றைக் கண் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டு விறுவிறுவென்று தியேட்டர் கதவுக்குப் போனான்.

“யார் சார் நீங்க?” அட்டெண்டர் மறித்தார்.

“படிவம் போட்டவன்.”

“யாரா இருந்தாலும் செருப்ப வெளிய உடுங்க.”

உள்ளே இளம் பயிற்சி டாக்டர் ஒருவர் திரையில் அஞ்சலையின் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே ஆறு பச்சை டிக்.

“அந்தம்மாவுக்குச் சம்மதமில்ல டாக்டர். அவங்க எதையும் படிக்கல. கைநாட்டுன்னு நெனச்சு அமுக்கிட்டாங்க.”

டாக்டர் கையுறையை மெல்லக் கழற்றினார். “சரி, அனுப்பிடுங்க. பெரிய டாக்டர் வர்ற அன்னைக்கு வரட்டும்.” பிறகு திரையை மேலே தள்ளினார். “காலையிலேர்ந்து நான் முடிச்ச ஏழு பேர்?”